விசிலின் எடை

1994 நவம்பர் 6, ஞாயிறு

இன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்கு இருந்தவர்கள்: குருவானவர், அவர் மனைவி குருவானவர் அம்மா, என் வீட்டுக்காரர் (பாளையங்கோட்டை முழுக்க ஹெட்மாஸ்டர் சார் என்று கூப்பிட்டு எனக்கும் சார் என்றே எழுத வருகிறது), அவருடைய அக்கா ஞானப்பூ மதினி, மருமகள் எமிமா, நான். மகன் செல்வின் தோஹாவில் இருக்கிறான். அவனுக்காகவும் ஜெபித்தோம், ஆனால் சாப்பாட்டுக்கு ஆறு பேர்தான்.

கல்யாணமாகி வந்த பிறகு எமிமா குருவானவருக்குச் சமைப்பது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்தே அவளுக்குக் கை ஓடவில்லை. சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு பாயில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சார் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய் வந்து ஜெபத்தை ஆரம்பித்தார்.

போன மாதம் இதே ஜெபத்தில் சார் கண்ணை மூடி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது குக்கர் ஊதிவிட்டது. குருவானவர் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சாருக்கு அது இரண்டு நாள் சாப்பாடு இறங்காத அவமானம். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. கர்த்தர் குக்கருக்கும் வாய்ப்பூட்டு போட்டாரே என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

சொல்லி முடிக்கவில்லை, அடுப்படியில் வெடி போட்டது போல ஒரு சத்தம். அப்புறம் ரயில் எஞ்சின் மாதிரி 'உஸ்ஸ்ஸ்' என்று நீண்ட சத்தம். எல்லோருக்கும் முன்னால் சார்தான் ஓடினார். நாங்கள் போவதற்குள் அடுப்பை அணைத்திருந்தார். கூரையெல்லாம் பருப்பு. காலண்டரில் பருப்பு. குக்கர் மூடி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி. அதில் இருக்கிற சேப்டி வால்வு போய்விட்டது. ஒருவருக்கும் ஒரு கொப்புளம் இல்லை.

மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏட்டி, தண்ணி ஊத்தினியா?"

"வெள்ளம் ஊத்தினேன் பெரியம்மா. ரெண்டு தம்ளர்."

எமிமாவுக்கு மார்த்தாண்டம் பக்கம். அங்கே தண்ணீரை வெள்ளம் என்பார்கள்.

"வெள்ளம்னு சொல்ல மட்டும் வருது. ஊத்தத்தான் வரல்ல."

குருவானவர் அம்மா, "புதுப்பொண்ணு பாவம், மனசு தோஹாவுல கெடக்கு" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரசம், அப்பளம், முட்டைப் பொரியலோடு ஒப்பேற்றினோம்.

நானே குக்கரைக் கழுவினேன். அடி பிடிக்கவே இல்லை, ஒரு தேய்ப்பில் வெளுத்துவிட்டது. இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உரல் அலமாரிக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதன் உலக்கை மேடையில் எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தது. உரலை எடுத்து உலக்கையோடு வைத்தேன்.

நவம்பர் 7

கூரையில் மஞ்சள் போகவில்லை. எமிமா ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாள்.

நவம்பர் 9

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மதினி சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை, பருப்பு தெறித்ததைக் கையால் நடித்துக் காட்டினார். எமிமா கடைசி பெஞ்சில் இருந்தாள். வரும் வழியில், தெருவிளக்குக்குக் கீழே நின்று கேட்டாள்:

"அத்தை, நான் வெள்ளம் ஊத்தலைன்னுதான் நீங்களும் நினைக்கீங்களா?"

"விடு பிள்ளே, நடந்தது நடந்து போச்சு" என்றேன்.

எழுதிய பிறகு வாசித்துப் பார்க்கிறேன். அவள் கேட்டதற்கு இது பதில் இல்லை.

நவம்பர் 12

சம்பந்தி வில்பிரட் வந்திருந்தார். காப்பி குடித்தார், மழை பற்றிப் பேசினார், "பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சார் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல் "தாராளமா" என்றார்.

எமிமா என் காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன். இரண்டு பெட்டி கொண்டு போனாள். அவள் அலமாரியைப் பார்த்தேன். கல்யாணப் பட்டும் இல்லை. கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் யாரும் கல்யாணப் பட்டை எடுத்துப் போவதில்லை.

கிறிஸ்மஸுக்கு செல்வின் வருகிறான். வந்து வெறும் அலமாரியைப் பார்ப்பானா? ஆண்டவரே, அதற்கு முன்னால் இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நவம்பர் 14

பாத்திரக் கடையில் புது சேப்டி வால்வு வாங்கினேன். "தண்ணி இல்லாம வெச்சா இப்படித்தாம்மா போவும்" என்றார் கடைக்காரர். ஊரே ஒரே பாடத்தைப் படித்திருக்கிறது.

மதினி இந்தச் செலவை எமிமா பேரில் எழுது என்றார். வீட்டுச் செலவில் எழுதினேன்.

வால்வைக் கையில் வைத்து வெகு நேரம் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. நடுவில் ஒரு பொட்டு ஈயம் மாதிரி உலோகம். இத்தனை வருஷமாகக் குக்கரில் சமைக்கிறேன், இதன் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். கொதி தாங்காமல் போனால் குக்கர் முழுக்க வெடிக்க வேண்டியது, இந்தப் பொட்டு முதலில் உருகி ஓட்டையாகி ஆவியை வெளியே விட்டுவிடுகிறது. குக்கரிலேயே பலவீனமான இடம் இதுதான், வேண்டுமென்றே பலவீனமாகச் செய்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூரைக்குப் போனது பருப்பு மட்டும்தான். மூடி போயிருந்தால்? இதை வைத்து ஒரு பிரசங்கமே பண்ணலாம். நான் பண்ணப் போவதில்லை, ஆனால் கழுவும்போது இனிமேல் நாரால் தேய்க்க மாட்டேன்.

நவம்பர் 16

குக்கரோடு வந்த துண்டுத்தாள் இரும்புப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தது. இப்போதுதான் வாசிக்கிறேன். யார்தான் வாசித்தோம்?

வால்வு இரண்டு காரணத்தால் போகுமாம். ஒன்று, உள்ளே தண்ணீர் வற்றினால். இன்னொன்று, தண்ணீர் இருந்தாலும் ஆவி போகும் வழி அடைத்தால். ஆவி அடைபட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற தண்ணீரின் சூடும் ஏறும், கடைசியில் அந்தப் பொட்டு உருகிவிடும்.

தண்ணீர் வற்றவில்லை. வற்றியிருந்தால் அடி கரிந்திருக்கும். கழுவியவள் நான்தான்.

அப்படியானால் வழி அடைத்திருக்க வேண்டும். விசில் உட்காருகிற குழாயில் கோணி ஊசியை விட்டுப் பார்த்தேன். தடையே இல்லாமல் அந்தப் பக்கம் வந்தது. ஒரு பருப்புத் தோல்கூட இல்லை.

நவம்பர் 18

ஸ்தோத்திரம். இன்று ஒரு நல்ல மனிதரைத் தெரிந்துகொண்டேன்.

மாவட்ட நூலகத்தில் நீராவி பற்றி ஏதாவது தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சமையல் புஸ்தகம் அந்த வரிசைம்மா" என்றார். "அது எனக்குத் தெரியும் சார், இது எனக்குத் தெரியாது, அதான் கேக்கேன்" என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

முந்நூறு வருஷத்துக்கு முந்தி டெனிஸ் பாப்பின் என்று ஒருவர். பிரெஞ்சுக்காரர். அவர்தான் மூடி இறுகப் பூட்டின பானையில் முதன்முதலில் சமைத்துக் காட்டியவர். எலும்பைக்கூட வெண்ணெய் மாதிரி வேகவைத்தாராம். லண்டனில் பெரிய பெரிய விஞ்ஞானிகளை உட்காரவைத்து அந்தப் பானையில் சமைத்து விருந்தே வைத்திருக்கிறார். சாப்பிட்டவர்கள் ரொம்பப் புகழ்ந்தார்களாம். பாத்திரம் யார் கழுவினார்கள் என்று புத்தகத்தில் இல்லை.

பானை வெடிக்குமே என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. அதற்கு என்ன செய்தார்? மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதன் மேல் ஒரு அடைப்பு வைத்து, அது எகிறாமல் ஒரு கம்பியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். உள்ளே அளவுக்கு மேல் அழுத்தம் வந்தால் ஆவியே எடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும். அவ்வளவுதான். பூட்டு இல்லை, ஸ்பிரிங் இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. ஒரு கல். பிற்காலத்தில் கப்பலும் ரயிலும் ஓட்டின கொதிகலன்களில் எல்லாம் உயிரைக் காத்தது இந்த யோசனைதான். என் அடுப்பில் குக்கர் தலையில் உட்கார்ந்து ஆடுவதும் அதே கல்லின் பேரப்பிள்ளை. நான் அதைச் சமையல் முடிந்தது என்று சொல்லுகிற மணி என்று நினைத்திருந்தேன். அது 'நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டேன், பயப்படாதே' என்று சொல்லுகிற சத்தம்.

இன்னொன்று. அவர் நம்மைப் போல சீர்திருத்த சபைக்காரர். அவர் நாட்டு ராஜா அந்தச் சபையாரைத் துரத்தியதால் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமலே போய்விட்டது. கடைசிக் காலத்தில் லண்டனில் ஏழையாக இறந்திருக்கிறார். கல்லறை எங்கே என்று தெரியாது என்று போட்டிருந்தது. அதை வாசித்துவிட்டு நூலகத்திலேயே கண் கலங்கிவிட்டது. நூலகர் மின்விசிறியைப் போட்டார், வெக்கையாக்கும் என்று நினைத்து.

இராத்திரி ஜெபத்தில் அவருக்காக நன்றி சொன்னேன். சார், "யாரு பாப்பின்? நம்ம சபையா?" என்று கேட்டார். "ஆமா, ஒருவகையில" என்றேன்.

நவம்பர் 19

மளிகைக் கடைத் தராசில் விசிலை நிறுத்தேன். எண்பது கிராம். குழாயின் ஓட்டைக்குச் சரியாக நுழைகிற பின்னல் ஊசியைத் தேடி அதன் குறுக்களவை எடுத்தேன். செல்வின் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவனோடு உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்ட வட்டப் பரப்புக் கணக்கு இப்போது உதவியது. அந்தச் சின்ன ஓட்டையின் பரப்பில் எண்பது கிராம் உட்கார்ந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வரும்வரை ஆவி உள்ளே இருக்கும், அதற்குமேல் தூக்கிவிடும். துண்டுத்தாளில் அச்சடித்திருப்பதும் ஒரு கிலோதான்!

சந்தோஷத்தில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவர் ஏதோ ஊரில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டிருக்கிறார், எனக்கு அதே விடை வந்துவிட்டது. எழுபது கிராம் என்றால் பருப்பு வேக நேரமாகும், நூற்றைம்பது என்றால் ஆபத்து. எண்பது. அந்த எண்பதை நம்பித்தான் இந்தத் தெரு முழுக்க அடுப்பு எரிகிறது.

இரும்பு உரலையும் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

"உரல எதுக்கு நிறுக்கிய? விக்கப் போறியளா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சும்மா, தெரிஞ்சுக்கிடத்தான்."

ஒன்றரைக் கிலோ. எதற்கு நிறுத்தேன் என்று எழுதத் தேவையில்லை.

நவம்பர் 22

விசிலின் தலையில் கறுப்புக் குமிழ் இருக்கிறது அல்லவா, அதன் மேல் துருக்கறை. வட்டமாக. உரலைக் கவிழ்த்து விசில் மேல் வைத்துப் பார்த்தேன், தொப்பி மாதிரி அசையாமல் உட்கார்ந்தது. குக்கரை அடுப்பில் ஏற்றவில்லை. ஏற்ற நான் என்ன பைத்தியமா?

கறையைத் துடைக்கவில்லை.

எமிமாவிடமிருந்து கடிதம் இல்லை. செல்வின் எழுதியிருக்கிறான், அவளுக்குத் தோஹாவிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறானாம், சொல்ல வேண்டாமாம். அவன் கடிதத்தைச் சாரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் வாசித்தார்.

நவம்பர் 27, ஞாயிறு

அட்வெந்து, கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் நாட்களின் முதல் ஞாயிறு. வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்ட ஆள் இல்லை, இந்த வருஷம் அதை எமிமாவிடம் கொடுப்பதாக இருந்தோம்.

சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காருவதற்கு முன் பருப்பை ஏற்றினேன். வேண்டுமென்றேதான். சார் ஜெபத்தை ஆரம்பித்துப் பாதி தூரம் போயிருப்பார், விசில் ஊதியது. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி ஊதியது.

"சுகிர்தம், இதுக்கு வேற நேரம் கெடைக்கலையா?"

"அது ஊதித்தான் ஆகணும். அதுக்கு எண்பது கிராம்தான் தலையில வெச்சிருக்காங்க. அதுக்கு மேல நாம ஒண்ணும் வெக்கக் கூடாது."

சார் கண்ணைத் திறந்தார். நான் மூடியே இருந்தேன், ஆனால் எனக்குத் தெரியும். அதற்குப்பின் ஜெபம் ரொம்பச் சின்னதாக முடிந்துவிட்டது. ஆமென் சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாம்பார் நன்றாக வந்திருந்தது. அவர் மோர் மட்டும் குடித்தார்.

நவம்பர் 28

ஒன்றும் விசேஷமில்லை. சார் அடுப்படி வாசல் வரை மூன்று நான்கு தடவை வந்து திரும்பிப் போனார். கேட்டால் தீப்பெட்டி தேடினாராம். அவருக்குத் தீப்பெட்டி எதற்கு?

டிசம்பர் 1

கேக்குக்கு முந்திரி உடைக்க மதினி வந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"செல்வின் வந்ததும் நல்லா எடுத்துச் சொல்லணும் சுகிர்தம். ஒரு பருப்பு வேகவெக்கத் தெரியாத பிள்ளையை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு. இன்னைக்குக் குக்கர், நாளைக்கு வீட்டையே..."

"அக்கா" என்றார் சார். கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"என்ன தம்பி?"

"உரலை வெச்சது நான்."

"எந்த உரலை?"

"இஞ்சி உரலை. அன்னைக்கு ஜெபத்துக்கு முந்தி. விசில் ஊதக் கூடாதுன்னு குக்கர் மேல கவுத்து வெச்சேன். வெடிச்சதும் ஓடிப்போய், கீழ விழுந்து கெடந்ததக் காலால அலமாரிக்கு அடியில தள்ளினதும் நான்தான். அந்தப் பிள்ள தண்ணி ஊத்தியிருந்தா. ரெண்டு தம்ளர். அவ சொன்னது சரி."

மதினி கையிலிருந்த முந்திரியைக் கீழே போட்டார். பிறகு, "அட கெட்ட தம்பி" என்றார். அதற்கும் பிறகு, "நான் கூட்டத்துல கையை வேற ஆட்டிக் காமிச்சேனே" என்றார்.

"அதே கூட்டத்துல இதையும் ஆட்டிக் காமிங்க மதினி" என்றேன்.

"உன் புருஷனையா?"

"என் புருஷனைத்தான்."

சார் தலையை ஆட்டினார், ஆகட்டும் என்பதுபோல. முப்பது வருஷம் பிள்ளைகளை எழுந்து நின்று தப்பை ஒத்துக்கொள்ளச் சொன்னவர். தான் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தார் போல. நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, ஆனாலும் அந்த நிமிஷம் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மதினி போனபிறகு கேட்டார்: "உனக்கு எப்ப தெரியும்?"

"உரலை நிறுத்த அன்னைக்கு."

"ஏன் கேக்கல்ல?"

"கேட்டா இல்லேன்னு சொல்லியிருப்பிய. அது ரெண்டாவது பொய்யாப் போயிருக்கும்."

விசிலைக் கையில் வாங்கி, உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா எடை?" என்றார். நான் கணக்கை முழுக்கச் சொல்லிக் காட்டினேன். பாப்பினைப் பற்றியும் சொன்னேன். ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 2

எல்லாக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். இன்று மார்த்தாண்டத்துக்குப் போட்டதன் நகல்:

"அன்புள்ள மகள் எமிமாவுக்கு, அத்தை எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் வீட்டில் எல்லோருடைய சுகத்துக்கும் கர்த்தரை வேண்டுகிறேன்.

தெருவிளக்குக்குக் கீழே நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நீ தண்ணீர் ஊற்றினாய். குக்கரின் அடி கரியவில்லை, அதைக் கழுவினபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பு உன்னுடையது இல்லை. யாருடையது என்று கீழே மாமா அவர்கள் கையாலேயே எழுதுகிறார்கள். பெரியம்மாவும் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறார்கள், நடித்துக் காட்டாமல் விடமாட்டார்கள், நீ பொறுத்துக்கொள்.

குக்கருக்குப் புது வால்வு போட்டாயிற்று. அதைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. கடிதத்தில் எழுதினால் முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து விசிலைக் கையில் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். கூரையில் மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

அதற்குக் கீழே சார் எழுதியது:

"மகளே, உரலை வைத்தது நான். ஜெபத்தின் அமைதிக்காக என்று நினைத்தேன். உன் மேல் பழி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் பெரிய பிழை. என்னை மன்னிக்க வேண்டும். இனி இந்த வீட்டில் விசில் ஊதினால் ஜெபம் கொஞ்சம் நிற்கும், விசில் நிற்காது."

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதினார்.

கடைசியில் நான் மறுபடியும் வாங்கி எழுதியது:

"செல்வின் இருபத்துமூன்றாம் தேதி வருகிறான். ஸ்டார் இன்னும் கட்டவில்லை. நீ எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுதினால் மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பார்கள். வர இப்போது மனமில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் போடு."